சோலார் பாம்பு விரட்டி வாங்கலாமா? பதினெட்டு மாசம் வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன்

மழை ஆரம்பித்தால் போதும், தெருவில் யாராவது ஒருத்தர் என்னை நிறுத்தி, "சார், உங்க வீட்ல பச்சைக் கலர்ல குச்சி நட்டு வெச்சிருக்கீங்களே, அது வேலை செய்யுதா?" என்று கேட்டுவிடுகிறார்கள். போன வாரம் மட்டும் நாலு பேர். ஒவ்வொருத்தரிடமும் நின்று முழுக்கதையும் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே பதில்: வாங்காதீர்கள். வாங்கத் தேவையும் இல்லை. அந்தப் பணத்துக்குள்ளேயே செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

கம்பெனிப் பெயரை எழுதவில்லை. ஒரே சாமான் பத்துப் பெயரில், பத்து விதமான அட்டைப் பெட்டியில் ஆன்லைனில் கிடைக்கிறது. உள்ளே இருப்பது எல்லாம் ஒன்றுதான், மூன்று வீட்டில் வாங்கியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

எங்கள் வீடு பெரும்பாக்கம் பக்கம், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிற மழைநீர்க் கால்வாயிலிருந்து மூன்று மனை தள்ளி. தரைத் தளம், பின்பக்கம் கொஞ்சம் மண், ஒரு முருங்கை, ரெண்டு வாழை, சம்ப், மோட்டார் ரூம். சுற்றிலும் இன்னும் கட்டாத மனைகள், அதில் வருஷத்தில் ஆறு மாசம் தண்ணீரும் கோரையும். தென்சென்னையில் எத்தனையோ ஏரிகளில் நிரம்பி வழிகிற தண்ணீர் இந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். அந்த வழியில்தான் நாங்கள் எல்லோரும் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் பாம்பு ஏன் வருகிறது என்ற கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் மாடி வீட்டுக்காரர்களோடு மூன்று நாள் இருந்தோம். தண்ணீர் வடிந்து கீழே இறங்கிய அன்று காலையில், போர்ட்டிகோ படியில் ஒரு பாம்பு. மூன்றரை அடி இருக்கும். எங்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கி, கழுத்தைத் தட்டையாக்கி, சீறிக்கொண்டு நின்றது. "நல்ல பாம்பு, நல்ல பாம்பு" என்று யாரோ கத்த, எதிர் வீட்டு அண்ணன் கொடிக்கம்பைப் பிடுங்கி வந்து நாலே அடியில் முடித்துவிட்டார். அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன், என் பையன் அந்தப் படிக்கு ரெண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். பாம்பென்றால் படையும் நடுங்கும், மூன்று நாள் தூங்காத நாங்கள் எம்மாத்திரம். ஆனால் செத்துப்போன பாம்பைப் படம் எடுத்து, பாம்பு தெரிந்த ஒரு நண்பனுக்கு அனுப்பினேன். ரெண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: "தண்ணிப் பாம்புடா. விஷம் கிடையாது. வெள்ளத்துல ஒதுங்க இடம் தேடி வந்திருக்கும்."

அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாங்கள் மாடிக்கு ஒதுங்கினோம், அது படிக்கு ஒதுங்கியது.

இனி அடிக்கவும் கூடாது, உள்ளே வரவும் கூடாது, என்ன வழி என்று தேடியபோதுதான் இந்தக் குச்சி கண்ணில் பட்டது. 2024 ஜனவரியில் நாலு குச்சி கொண்ட செட் ஒன்று வாங்கினேன், 2,400 ரூபாய். மேலே கையளவு பச்சை மூடி, அதில் சின்ன சோலார் தகடு, கீழே ஒரு முழ நீளத்துக்கு அலுமினியக் குழாய், நுனியில் மண்ணில் குத்த பிளாஸ்டிக் முனை. உள்ளே ஒரு சின்ன மோட்டார். முப்பது விநாடிக்கு ஒரு தடவை, செல்போன் வைப்ரேட் ஆவது மாதிரி, "ர்ர்ர்ர்" என்று ரெண்டு விநாடி அதிரும். ஒரு குச்சி 600 சதுர மீட்டர் வரை காக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. எங்கள் மனை மொத்தமே 110 சதுர மீட்டர்தான். அப்படியென்றால் நாலு குச்சிக்கு எங்கள் வீட்டைச் சுற்றி ஈ எறும்பு கூட யோசித்துத்தான் வர வேண்டும் என்று நம்பி, நாலு மூலையிலும் நட்டேன்.

கோடையில் பாம்பே வரவில்லை. நான் குச்சிதான் காரணம் என்று நினைத்து மூன்று பேருக்குச் சிபாரிசும் செய்துவிட்டேன். அந்த மூன்று பேரிடமும் நேரில் போய் வருத்தம் சொல்லிவிட்டேன் என்றாலும் இங்கேயும் சொல்கிறேன். கோடையில் எங்கள் பக்கத்து மனைகளில் தண்ணீர் கிடையாது, தவளை கிடையாது, தண்ணிப் பாம்புக்கு அங்கே வேலையே கிடையாது. குச்சி இல்லாத வருஷங்களிலும் ஏப்ரல், மே மாதங்களில் வந்ததில்லை. அதை நான் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

அக்டோபர் வந்தது. வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்த ரெண்டாவது நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். பின்பக்கம் ஒரு தவளை விட்டு விட்டுக் கத்துகிறது, வழக்கமாகக் கத்துகிற மாதிரி இல்லை, குழந்தை முனகுகிற மாதிரி. டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். வாழைக்குப் பக்கத்தில், மூன்றாவது குச்சியின் அடியில், குழாயை உரசிக்கொண்டு சுருண்டு கிடக்கிறது பாம்பு. வாயில் தவளையின் ஒரு பின்னங்கால். நான் ஆறடி தள்ளி நின்று பார்த்தேன். குச்சி அதிர்கிறது, பாம்பின் உடம்புக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி கூட இல்லை, ஆனால் பாம்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது தாடையை ஒரு நூல் முன்னால் நகர்த்துகிறது, அப்புறம் இடது தாடை, அப்புறம் வலது. தொடை உள்ளே போனதும் தவளை வயிற்றை உப்பிக்கொண்டது, பாம்பு கொஞ்ச நேரம் சும்மா காத்திருந்தது. மறுபடி வலது, மறுபடி இடது. முழுசாக உள்ளே போக இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷத்தில் குச்சி நாற்பது தடவை அதிர்ந்திருக்கும். விழுங்கி முடித்து, வாயை ஒரு தடவை அகலத் திறந்து மூடிவிட்டு, மோட்டார் ரூம் பக்கம் நிதானமாகப் போய்விட்டது.

மறுநாள் பார்த்தால் அது மோட்டார் ரூமிலேயேதான் குடியிருக்கிறது. சம்ப் மூடிக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கி வைத்திருந்தேன், அதன் இடுக்கில். எங்கள் மோட்டார் ஒன்றரை குதிரைத்திறன், காலையும் மாலையும் போட்டால் தரையே நடுங்கும், கதவு கடகடவென்று ஆடும். அந்த நடுக்கத்தில் படுத்துத் தூங்குகிற பாம்பை, செல்போன் அளவு அதிர்கிற ஒரு குச்சி எப்படி விரட்டும்? இந்த ஒரு காட்சியைப் பார்த்த பிறகு எனக்கு வேறு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. இருந்தாலும் காரணம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று படித்தேன்.

பாம்புக்கு வெளிக்காதும் கிடையாது, செவிப்பறையும் கிடையாது. உள்காது இருக்கிறது. தரையில் வைத்த கீழ்த்தாடை எலும்பு வழியாக அதிர்வு உள்காதுக்குப் போகும், காற்றில் வருகிற சத்தத்தையும் ஓரளவு உணரும். ஆனால் எல்லாம் தாழ்ந்த சத்தம்தான், சில நூறு ஹெர்ட்ஸ் அளவில்தான் அதற்கு நன்றாகக் கேட்கும். ஆயிரத்தைத் தாண்டினால் அனேகமாக ஒன்றும் இல்லை. இதில் சில மாடல்களில் 'அல்ட்ராசோனிக்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அல்ட்ராசோனிக் என்றால் இருபதாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல். அது பாம்புக்கு எட்டவே எட்டாது. என்னுடைய மாடலில் 400 முதல் 1,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது, அதில் கீழ்ப்பகுதி அதற்குக் கேட்கலாம், நிலத்தின் அதிர்வும் தெரியலாம். தெரிந்தால் என்ன? காலடி அதிர்ந்தால் பாம்பு ஒதுங்குவது, ஏதோ பெரிய பிராணி நெருங்கி வருகிறது என்பதால். ஒரே இடத்தில், ஒரே மாதிரி, நாள் முழுக்க அதிர்ந்துகொண்டிருக்கிற எதையும் எந்தப் பிராணியும் சீக்கிரம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ரயில்வே லைன் ஓரத்து வீட்டுக்காரர்களுக்கு ரயில் சத்தத்தில் தூக்கம் கெடுவதில்லை, அதே மாதிரிதான். இதே குச்சியை வெளிநாடுகளில் தோட்டத்து மண்ணைத் தோண்டுகிற அகழெலி வகைகளை விரட்ட என்று விற்கிறார்கள். இங்கே அட்டையில் பாம்புப் படம் போட்டுவிட்டார்கள்.

விற்றவர்களுக்கு வீடியோவோடு எழுதினேன். "மூன்று வாரம் பொறுங்கள், பாம்புக்குப் பழக வேண்டும்" என்று ஒரு பதில். ஒன்பது மாசமாக நட்டிருக்கிறது என்றேன். "ஈர மண்ணில் திறன் குறையும், மேலும் இரண்டு செட் பரிந்துரைக்கிறோம்" என்று அடுத்த பதில். பாம்பு வருவதே மழைக்காலத்தில், மழைக்காலத்தில் மண் ஈரமாகத்தான் இருக்கும். எனக்கு வந்த கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை. சதுப்பு ஓரத்தில் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு பயத்தில் வாங்குகிறவர்கள், இது இருக்கிறது என்று நம்பி ராத்திரி டார்ச் இல்லாமல் பின்பக்கம் போவார்கள். அந்த நம்பிக்கைதான் ஆபத்து. நானே ஒன்பது மாசம் அப்படித்தான் போனேன். குச்சிகளும் உழைக்கவில்லை. ஒன்றில் மழைத்தண்ணீர் இறங்கி டிசம்பரில் செத்தது, இன்னொன்றில் பேட்டரி வீங்கிவிட்டது.

மற்ற சாமான்களைப் பற்றியும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாம்பு விரட்டும் பவுடர் என்று வருவதில் பெரும்பாலும் கந்தகமும் நாப்தலினும்தான், அதாவது பாச்சா உருண்டை. பாம்பு அதன்மேலேயே ஊர்ந்து போகும், நாப்தலினை நம் குழந்தைகள் முகர்வதுதான் மிச்சம். பூண்டுக் கரைசல், வாசலில் ஆகாசகருடன் கிழங்கு கட்டுவது, சிறியாநங்கைச் செடி வைப்பது எல்லாம் எங்கள் தெருவில் உண்டு. கிழங்கு கட்டிய வீட்டின் கார் ஷெட்டிலும் அதே பாம்பு வந்தது. ஃபினாயிலைக் கால்வாயில் ஊற்றுவது மட்டும் தயவுசெய்து வேண்டாம். பாம்பு தலையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும், செத்து மிதப்பது தவளையும் மீன்குஞ்சும்தான்.

இதில் நான் செய்த பெரிய தப்பு நைலான் வலை. குச்சி வேலை செய்யவில்லை என்றதும், ஒருத்தர் சொன்னார் என்று பின்பக்கக் காம்பவுண்டு ஓரம் பழைய மீன்வலையைக் கட்டினேன். நாலாவது நாள் காலையில் அம்மா கூப்பிட்டார்கள். பாம்பு வலையில் மூன்று இடத்தில் மாட்டி, முறுக்கி, உடம்பு நடுவில் இறுகிப் போய்க் கிடந்தது. தலை போகிற கண்ணியில் உடம்பு போகாது, பின்னால் வரலாம் என்றால் செதில்கள் பின்பக்கம் பார்த்து இருப்பதால் நூல் அடியில் போய் மாட்டிக்கொள்ளும். இழுக்க இழுக்க இறுகும்.

பாம்பு மீட்கிற தம்பி ஒருத்தருக்குப் போன் செய்தோம். வனத்துறை அனுமதியோடு செய்கிறவர், காசு கேட்கவில்லை, பெட்ரோலுக்கு நாங்களே கட்டாயப்படுத்திக் கொடுத்தோம். முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். வந்ததும் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முதலில் கொஞ்ச நேரம் பார்த்தார். "தண்ணிப் பாம்புண்ணா. ஆனா கோவக்காரப் பய, கடிப்பான்," என்றார். ஈரத்துணியைத் தலைமேல் போட்டு, வீட்டில் இருந்த சின்னக் கத்தரிக்கோலை வாங்கி, ஒவ்வொரு நூலாக வெட்டினார். கத்தரி முனை தோலைத் தொடாதபடி ஒரு ஈர்க்குச்சியை நூலுக்கு அடியில் நுழைத்துத் தூக்கி, தூக்கின இடத்தில் மட்டும் வெட்டு. பதினேழு நூல், என் பையன் எண்ணிக்கொண்டிருந்தான். நடுவில் துணி விலகி, அவர் கட்டைவிரல் அடியில் ஒரு கடி. குதிரை லாடம் மாதிரி வரிசையாகப் பொடிப் பொடியாக ரத்தப் புள்ளிகள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவர் வெட்டி முடிக்கும் வரை கையை எடுக்கவில்லை, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டார், அவ்வளவுதான். இதுக்கு நடுவில் பாம்பு பின்பக்கத்திலிருந்து ஒரு திரவத்தை விட்டது பாருங்கள், அழுகின மீன் நாற்றம், மோட்டார் ரூம் வாசலில் ரெண்டு நாள் நின்றது. பயந்தால் அப்படித்தான் செய்யுமாம்.

அன்றுதான் அந்தப் பாம்பை நான் முதல் முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். "இங்க வாங்கண்ணா, கண்ணுக்குக் கீழ பாருங்க" என்று காட்டினார். கண்ணிலிருந்து ரெண்டு கறுப்புக் கோடு சாய்வாக இறங்குகிறது, ஒன்று கண்ணுக்கு நேர் கீழே உதட்டுக்கு, இன்னொன்று கண்ணுக்குப் பின்னாலிருந்து வாய் மூலைக்கு. மை தீட்டிவிட்டு அழுதால் கன்னத்தில் இறங்குமே, அந்த மாதிரி. உடம்பு ஆலிவ் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், அதில் சதுரங்கக் கட்டம் போலக் கறுப்புக் கட்டங்கள். அடிவயிறு முத்து மாதிரி வெள்ளை. கண்மணி வட்டம். முதுகுச் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மெல்லிய வரம்பு. தொட்டுப் பார்க்கச் சொன்னார், தொட்டேன், சாரை மாதிரி வழுவழுப்பு இல்லை, புதுத் துணிக் கரையைத் தடவுகிற சொரசொரப்பு. விஞ்ஞானப் பெயர் ஃபௌலியா பிஸ்கேட்டர், முன்னால் ஸெனோக்ரோஃபிஸ் என்று இருந்ததை மாற்றியிருக்கிறார்கள். பிஸ்கேட்டர் என்றால் லத்தீனில் மீன்பிடிக்கிறவர். சிலர் கண்டங்கண்டை நீர்க்கோலி என்றும் சொல்கிறார்கள். மலையாளத்திலும் நீர்க்கோலிதான். அங்கே "நீர்க்கோலி கடித்தாலும் ராச்சோறு முடங்கும்" என்ற அர்த்தத்தில் ஒரு பழமொழி உண்டு, என்னோடு வேலை செய்கிற பாலக்காட்டு நண்பர் சொன்னார். விஷம் இல்லாவிட்டாலும் கடித்த பயத்தில் அன்று சாப்பாடு இறங்காது. எவ்வளவு சரி!

கழுத்தைத் தட்டையாக்கி நிமிர்ந்து நிற்பதுதான் இதன் உயிரை வாங்குகிறது. பருந்தையும் நரியையும் பயமுறுத்த நல்ல பாம்பு மாதிரி நடிக்கிறது, நாம் நிஜமாகவே நல்ல பாம்பு என்று நினைத்து அடித்துவிடுகிறோம். வித்தியாசம் இருக்கிறது. நல்ல பாம்பின் படம் கைவிரித்த மாதிரி அகலமாக விரியும், உடம்பில் மூன்றில் ஒரு பங்கு வரை கூட மேலே எழும்பும். இது கழுத்தை ஒரு நாடா மாதிரி தட்டையாக்கும், அவ்வளவுதான், உயரமும் அதிகம் எழும்பாது. கண்ணாடி விரியன் என்று குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. கண்ணாடி விரியனுக்கு உடம்பு தடித்துக் குட்டையாக, தலை முக்கோணமாக இருக்கும், முதுகில் சங்கிலி மாதிரி முட்டை வடிவப் புள்ளிகள் மூன்று வரிசை, சீறினால் பிரஷர் குக்கர் போல. இருந்தாலும் ராத்திரி, மழையில், பயத்தில் நம்மால் இதையெல்லாம் பார்க்க முடியாது என்பதும் உண்மை. அதனால் எது கடித்தாலும் "இது தண்ணிப் பாம்புதான்" என்று நாமே முடிவு செய்யக் கூடாது. கட்டு போடாமல், கீறாமல், கடித்த கையை அசைக்காமல் நேராகப் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிஷம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள், மற்ற அறிகுறிகளையும் கவனிப்பார்கள், தேவைப்பட்டால்தான் விஷமுறிவு மருந்து. மீட்கிற தம்பி மருத்துவமனைக்குப் போகாதது அவருடைய பல வருஷ அனுபவம், நமக்கு அது இல்லை.

அடையாளம் பழக வேண்டும் என்று பையனைக் கிண்டி பாம்புப் பண்ணைக்குக் கூட்டிப் போனேன். குச்சி செட் விலையோடு ஒப்பிட்டால் டிக்கெட் ஒன்றுமே இல்லை, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் முகம் ஒட்டி நின்று பார்க்கலாம். பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேகர் 1969-இல் சேலையூரில் ஆரம்பித்து 1972-இல் கிண்டிக்கு மாற்றியது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனோம். அங்கேதான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்து, தோலுக்குப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்களின் வயிற்றுப்பாடு நின்றபோது, 1978-இல் விஷம் எடுத்து விற்கிற சங்கமாக ஆரம்பித்தது. தோலுக்காகப் போனதில் சாரையும் தண்ணிப் பாம்பும் ஏராளம். இன்றைக்கு நம் நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்க வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு இந்தச் சங்கத்திலிருந்து போகிறது. இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்கள் சமூகத்தின் கைத்திறனை நேரில் பார்த்த பிறகு, என் பையன் பாம்பு என்றால் அலறுவதை விட்டுவிட்டு, முதலில் தள்ளி நிற்கிறான், அப்புறம் தலையைப் பார்க்கிறான். இந்த மாற்றத்தை எந்தக் குச்சியும் தந்திருக்காது.

சரி, வீட்டுக்கு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். மொத்தச் செலவு 2,150 ரூபாய். கேட்டுக்கு அடியில் ஒன்றரை அங்குல இடைவெளி இருந்தது, அதில் தடித்த ரப்பர் பட்டை அடித்தேன். பாத்ரூம், வாஷிங் மெஷின் தண்ணீர் வெளியே போகிற குழாய் வாய்களில் கால் அங்குலக் கண்ணி உள்ள துரு ஏறாத கம்பி வலை. கால் அங்குலம் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பாம்பு ஒரு தடவையில் முப்பது, நாற்பது, சில சமயம் எழுபது முட்டைக்கு மேலும் இடும், பொரியும் வரை தாய் முட்டையோடு இருக்கும், வருகிற குட்டி ஒரு சாண் கூட இருக்காது, பென்சிலை விட மெல்லிசு. பெரிய ஓட்டை வலை குட்டிகளை நிறுத்தாது. மோட்டார் ரூம் செங்கல்லை எடுத்துவிட்டு, சுவர் வெடிப்பைக் கொத்தனாரை வைத்துப் பூசினோம், செலவில் பாதி அவருடைய கூலி. கதவுக்கு அடியில் ஒரு பிரஷ் பட்டை.

அப்புறம் விளக்கு. பின்பக்கம் ராத்திரி முழுக்க வெள்ளை எல்ஈடி எரிந்துகொண்டிருந்தது, பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டது. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். அதை அணைத்துவிட்டு, தேவைப்பட்டால் போட்டுக்கொள்கிற மாதிரி செய்தோம். ஒரே வாரத்தில் வாசலில் தேரைகள் குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. நல்ல டார்ச் ஒன்று கதவு ஓரம் ஆணியில் தொங்குகிறது, இருட்டில் யார் வெளியே போனாலும் அதை எடுக்காமல் போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். இதெல்லாம் செய்த பிறகு வீட்டுக்குள் பாம்பு வரவில்லை. பின்பக்க மண்ணில் மழை ராத்திரியில் இன்னும் வருகிறது, போகிறது. அது அதனுடைய வழி.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் பகுதிக்காரர்கள் நிறையப் பேர் "பாம்பு நம்ம இடத்துக்கு வந்துடுச்சு" என்கிறார்கள். பள்ளிக்கரணை ஒரு காலத்தில் இதைவிடப் பல மடங்கு விரிந்து கிடந்தது. குப்பைமேடு, ரோடு, ஐடி கட்டடம், எங்கள் மனைப்பிரிவு என்று தின்றது போக மிச்சம்தான் இப்போது இருப்பது. 2007-இல் ஒரு பகுதியைக் காப்புக் காடாக அறிவித்தார்கள், 2022-இல் சுமார் 1,250 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் காலையில் போனால் சாம்பல் நாரை ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்க்கலாம். ஒரு நாள் அதன் அலகில் இதே கட்டம் போட்ட பாம்பு சாட்டை மாதிரி சுழன்றுகொண்டிருந்தது. அதே சாலையில் மழை ராத்திரிக்கு மறுநாள் டயர் ஏறி நசுங்கிய தண்ணிப் பாம்புகளை எண்ணிக்கொண்டே போகலாம், அவ்வளவு கிடக்கும். மீனும் தவளையும் இருக்கிற தண்ணீரில்தான் இது இருக்கும். சட்டப்படியும், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற உயிர் இது, பிடிப்பதோ கொல்வதோ குற்றம். வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்புத் துறைக்கு 101-இல் கூப்பிடுங்கள், அல்லது வனத்துறைக்கு. எங்கள் தெருவுக்கு ரெண்டு தடவை தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள், ரெண்டு தடவையும் பொறுமையாகப் பிடித்துப் பையில் போட்டு எடுத்துப் போனார்கள்.

முதலில் சொன்னேனே, எதிர் வீட்டு அண்ணன், அவர் இந்த ஜூலையில் ராத்திரி பத்து மணிக்கு எனக்கு ஒரு படம் அனுப்பினார். அவர் வீட்டு ஸ்கூட்டருக்கு அடியில் பாம்பு. "கண்ணுக்குக் கீழ ரெண்டு கோடு தெரியுது தம்பி, கேட்டைத் திறந்து விட்டுட்டேன், போகட்டும்" என்று எழுதியிருந்தார். எனக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

மதிப்பெண் கேட்டால், குச்சிக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் தளத்தில் அதற்குக் கீழே கொடுக்க வழியில்லை என்பதால். கம்பி வலைக்கும் ரப்பர் பட்டைக்கும் ஐந்து. மீன்வலையைக் கட்டியே கட்டாதீர்கள், கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள், எலி பிடிக்கிற ஒட்டு அட்டையையும் வெளியே வைக்காதீர்கள், அதிலும் பாம்பு ஒட்டிக்கொண்டு சாகிறது. என் நாலு குச்சியையும் பிடுங்கி, பேட்டரிகளை மின்கழிவு எடுக்கிறவரிடம் கொடுத்தாயிற்று. அலுமினியக் குழாய் நாலும் இப்போது பின்பக்கம் அவரைக் கொடிக்குக் கொழுகொம்பாக நிற்கிறது. வலை வாங்கப் போகிறவர்கள் கடையில் 'கால் இஞ்ச், எஸ்எஸ்' என்று கேளுங்கள், மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள்.